இரண்டு கப்பல் ஒப்பந்தங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மாத வேலை கிடைக்குமா?

இறங்கியாச்சு, அடுத்த கப்பலுக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல்களில் ஓடும் சப்ளை கப்பல்கள், தூர்வாரும் கப்பல்கள், விடுப்பில் போனவருக்குப் பதில் ஆள், இப்படிச் சில வழிகள் உண்டு. எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டரில் போகவேண்டிய வேலை என்றால் ஹ்யூயெட் பயிற்சியும் (ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி) கேட்பார்கள்.

இன்னொன்று, குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போகும் கப்பலின் கடைசிப் பயணம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தில்தான் (கடல் நீர் மிக உயரமாக ஏறும் நேரம்) கப்பலைக் கரையேற்றுவார்கள். அந்த ஓதம் தவறினால் சுமார் இரண்டு வாரம் நங்கூரத்தில் காத்திருப்பு. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, ஊர் திரும்பும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கிழட்டுக் கப்பல், இன்சூரன்ஸையும் பாருங்கள்.

ஏஜெண்டுக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்பும் உரிமம்) இருக்கிறதா என்று அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் தளத்திலேயே பார்த்துவிடலாம். வேலைக்குப் பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள். மாலுமியிடம் அப்படி வசூலிப்பதே சட்டவிரோதம். மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகமான சி.டி.சி.யில் ஏறிய, இறங்கிய தேதி பதிவாகாவிட்டால் கடல் சேவையைக் காட்டுவது பெரும்பாடு.

அப்புறம் வரி. வரியில் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆக வெளிநாட்டில் இருந்த நாட்களை எண்ணுபவர் என்றால் கவனம்: மும்பை ஹை நாட்கள் வெளிநாட்டு நாட்களாகச் சேராது. கணக்கு விளிம்பில் இருந்தால் நான் அந்த வேலையைத் தொடமாட்டேன்.