கூச்சல் போடத்தான் கட்டினார்கள்

கேள்வி: லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடந்த உலக டார்ட்ஸ் (பலகையில் சிறு அம்பெறியும் விளையாட்டு) போட்டியை டிவியில் பார்த்தேன். விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு, கையில் பீரோடு ஆயிரக்கணக்கானோர் கத்துகிறார்கள். விக்டோரியா ராணி காலத்து அரண்மனை, உலகின் முதல் தொலைக்காட்சி நிலையம் இருந்த இடம் என்கிறார்கள். இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்திவிட்டு, அருங்காட்சியகமாக்கிப் பூட்டிப் பாதுகாக்க வேண்டாமா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: வேண்டாம்.

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் 'அரண்மனை' என்ற சொல் உங்களை ஏமாற்றிவிட்டது. அங்கே எந்த ராஜாவும் ராணியும் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. 'மக்கள் அரண்மனை' என்று சொல்லித்தான் அதைக் கட்டினார்கள். தெற்கு லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் கண்காட்சிக் கூடம் இருந்தது. வடக்கு லண்டன்காரர்களும் விடுமுறை நாளில் போய்வர அப்படி ஒன்று வேண்டுமென்று மஸ்வெல் ஹில் குன்றில் இடம் பிடித்தார்கள். 1862இல் சவுத் கென்சிங்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியின் கட்டடத்தைப் பிரித்து, அந்தச் சாமான்களை மலையேற்றினார்கள். 1863இல் பட்டத்து இளவரசருக்கு மனைவியாக டென்மார்க்கிலிருந்து வந்த அலெக்சாண்ட்ராவின் பெயரை வைத்தார்கள். அரச சம்பந்தம் அவ்வளவுதான்.

1873 மே 24, திறப்பு விழா. ஜூன் 9, தீ. கூரையில் வேலை செய்தவர்களின் கணப்பிலிருந்து விழுந்த ஒரு கங்கு போதுமாயிருந்தது. ஊழியர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பதினாறு நாளைக்குள் 1,20,000 பேர் வந்துபோயிருந்தார்கள் என்பதால், மறுபடி கட்டுவதா வேண்டாமா என்று யாரும் தயங்கவில்லை. 1875 மே 1இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். பெரிய மண்டபத்தில் ஹென்றி வில்லிஸ் செய்த ராட்சத ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவி, ஒரு நாடக அரங்கம், கச்சேரி மண்டபம், விருந்துக்கூடம், வெளியே குதிரைப் பந்தயத் தடம். அந்தத் தடம் வாணலி வடிவில் இருந்ததால் ஊர்க்காரர்கள் அதை 'வாணலி' என்றே கூப்பிட்டார்கள். 1970 வரை அங்கே குதிரை ஓடியது. பலூனில் தொங்கிக்கொண்டு மேலே போய் பாரசூட்டில் குதிக்கும் வித்தையும் உண்டு. அங்கே சிற்றுண்டி பரிமாறிக்கொண்டிருந்த டாலி ஷெப்பர்டு என்ற பெண் இருபது வயதாகுமுன்பே அந்த வித்தையில் இறங்கினாள். 1908இல் வேறோர் ஊரில், கூடப் பறந்த பெண்ணின் பாரசூட் கழலாமல் சிக்கிக்கொண்டபோது, அந்தரத்திலேயே அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு ஒற்றை பாரசூட்டில் இறங்கினாள். நீங்கள் முகம் சுளிக்கிற 'கூத்து' இப்படிப்பட்ட மனுஷிகளையும் தந்திருக்கிறது.

நடத்திய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டன. நிலத்தைக் கூறு போட்டு வீட்டுமனையாக்கும் ஆபத்து வந்தது. அப்போதுதான், 1900இல், நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி, என்றென்றைக்கும் மக்களின் பயன்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் என்று கட்டடத்தையும் பூங்காவையும் பொதுச்சொத்தாக்கினார்கள். உங்கள் கேள்விக்குச் சட்டப்படியான பதில் இது. அந்த இடத்தை மக்களிடமிருந்து பூட்டிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பூட்டிய காலமும் உண்டு. அதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1914இல் ஜெர்மானியப் படைக்குத் தப்பி ஓடிவந்த பெல்ஜிய அகதிகளை அங்கே தங்கவைத்தார்கள். மறு வருடமே அகதிகளை வேறிடம் அனுப்பிவிட்டு, பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆண்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். ஒரே சமயத்தில் சுமார் 3,000 பேர். போர்க்களத்தைப் பார்த்தேயிராத, பல வருடமாக லண்டனில் பிழைத்துவந்த குடும்பஸ்தர்கள் இதில் நிறைய. கச்சேரி கேட்ட மண்டபத்தில் வரிசை வரிசையாகப் பலகைப் படுக்கைகள், சுற்றி முள்வேலி. கிழக்கு லண்டனின் யூதத் தையல் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டக் கைகொடுத்த ருடால்ஃப் ராக்கரும் அங்கே கிடந்தவர். போர் முடிந்த பிறகும் 1919 வரை சிறை நீடித்தது. தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

தொலைக்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். 'உலகின் முதல்' என்பதில் ஒரு திருத்தம். பெர்லினில் 1935லேயே ஒளிபரப்பு வந்துவிட்டது. அதைவிடக் கூடுதல் துல்லியத்தோடு, பொதுமக்களுக்கான வழக்கமான ஒளிபரப்பை பிபிசி இங்கே 1936 நவம்பர் 2இல் தொடங்கியது. ஏன் இங்கே? குன்று உயரம், கிழக்குப் பக்கத்தில் அறைகள் வாடகைக்குக் கிடைத்தன. ஒரு வாரம் தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பேர்டு கம்பெனியின் முறை, மறு வாரம் மார்க்கோனி-இஎம்ஐ முறை என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பேர்டு ஸ்டூடியோவில் கேமராவை நகர்த்தவே முடியாது. அதில் ஓடுகிற சினிமா பிலிம் நேரே ரசாயனத் தொட்டிக்குள் இறங்கும்; கழுவி, ஈரம் காயாமலே அதை மின்சைகையாக்கி அனுப்புவார்கள். பாடகி வாயை மூடி ஒரு நிமிடம் கழித்துத்தான் வீட்டுப் பெட்டியில் பாட்டு முடியும். படம் 240 கிடைக்கோட்டு வரி; வரி கூடக்கூடப் படம் தெளிவாகும். எதிர்த்தரப்பில் 405 வரி, முழுக்க மின்னணுக் கேமரா. 1937 பிப்ரவரியில் பேர்டு முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இதில் உங்களுக்காக ஒரு செய்தி: வழக்கமான ஒளிபரப்புக்கு முன்பே, 1936 ஆகஸ்டில், இங்கிருந்து சோதனை ஒளிபரப்பு போனது. எங்கே? லண்டனின் இன்னொரு விக்டோரியா காலக் கண்காட்சிக் கூடமான ஒலிம்பியாவில் நடந்த வானொலிக் கண்காட்சிக்கு. தொலைக்காட்சியும் கூட்டம் கூட்டி வேடிக்கை காட்டுகிற வழியில்தான் வந்தது, ஐயா.

பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. நாடக அரங்கத்தைப் பொதுமக்கள் 80 வருடத்துக்கு மேல் பார்க்கவில்லை, சரக்கறையாகக் கிடந்தது. யாரும் தொடாததால்தான் மேடைக்கடியில் நடிகர்களைத் தரைக்குள் மறைத்துக் காட்டும் பழைய மர இயந்திரங்கள் தப்பின என்று நீங்கள் வாதாடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூரைச் சுதை உதிர்ந்துகொண்டே இருந்தது. 2018 டிசம்பரில் திறந்தபோது பளபளவென்று புதுச்சாயம் அடிக்காமல், உரிந்த சுவரை உரிந்தபடியே நிற்கும்படி உறுதிப்படுத்திவிட்டு, நாடகமும் கச்சேரியும் நடத்தத் தொடங்கினார்கள். பாதுகாப்பு என்றால் எனக்கு அதுதான்.

1980 ஜூலையில் மறுபடி தீ. பெரிய மண்டபம் போயிற்று. 1988இல்தான் திரும்பத் திறந்தது. கட்டியவர்களுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 125 வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் விடப் பார்த்தார்கள். குத்தகை விவரத்தை மக்களுக்குக் காட்டாமல் கருத்துக் கேட்டது செல்லாது என்று 2007இல் உயர் நீதிமன்றம், குத்தகைக்கு அறக்கட்டளை ஆணையம் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. அதே வருட டிசம்பரில்தான் நீங்கள் பார்த்த உலக டார்ட்ஸ் போட்டி அங்கே குடிவந்தது. கட்டடம் இன்றும் அறக்கட்டளைச் சொத்து. நிகழ்ச்சிகளில் வருகிற லாபம் கூரைக்கும் பூங்காவுக்கும்தான் போகிறது. வேஷம் கட்டிய அந்த இளைஞர்கள் டிக்கெட் வாங்காவிட்டால் நீங்கள் கேட்கிற பாதுகாப்புக்கு யார் பணம் தருவது?

நம்மவர்களும் அந்தக் குன்றேறியிருக்கிறார்கள். 2006 டிசம்பரில் விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் மறைந்தபோது ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் குளிரில் திரண்டு அவருக்கு இறுதி வணக்கம் செலுத்தியது இந்த அலெக்சாண்ட்ரா பேலஸில்தான். அவரது அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், நாடிழந்து வந்த சனம் தன் துக்கத்தைச் சேர்ந்து அழ ஒரு பெரிய கூடம் அங்கே திறந்திருந்தது. அருங்காட்சியகமாக இருந்திருந்தால் வாசலில் நின்று திரும்பியிருப்பார்கள்.

லண்டன் போனால் வுட் கிரீனிலிருந்து டபிள்யூ3 பஸ் பிடியுங்கள். முன்மாடத்தில் நிற்கக் காசு கிடையாது. நகரம் முழுக்கக் காலடியில் தெரியும். கிழக்கு மூலைக் கோபுரத்தில் இன்னும் அந்த ஒளிபரப்புக் கம்பம் நிற்கிறது. போட்டி நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.