கூறு வைக்கத் தெரியுமா உங்கள் பிள்ளைக்கு?

கேள்வி: வேலை மாற்றலாகிப் பாம்பன் வந்து ஒரு வருடம் ஆகிறது. மகனுக்கு ஐந்து வயது. தெருப் பிள்ளைகள் பெரியவன் சின்னவன் என்றில்லாமல் கூட்டமாகக் கடற்கரையில் சுற்றுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. அதனால் அவனை வெளியே விடுவதில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறவன், மற்ற நேரமெல்லாம் ஜன்னலிலேயே நிற்கிறான். 'சமூகத் திறன்' வளர்க்கும் ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கலாம் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு பிள்ளையை நல்ல ஆளாக்க வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கலாமை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனது. பத்திரிகைக் கட்டுகளை தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். ஊருக்குள் அவற்றை விநியோகித்தவர் கலாமின் உறவினர் ஒருவர். அவருக்கு ஒத்தாசையாகக் கட்டுகளைப் பிடிக்கப் போன பொடியன்தான் கலாம். அவருடைய நெருங்கிய கூட்டாளிகள் வைதீக பிராமணக் குடும்பத்துப் பையன்கள். யாரோடு பழகலாம், யாரோடு கூடாது என்று வீட்டில் கணக்குப் பார்த்திருந்தால் இன்று உங்கள் கடிதத்தில் அவர் பெயர் வந்திருக்காது.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். அவன் ஜன்னலில் நிற்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நல்ல செய்தி. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சின்னக் குழந்தைகள் விளையாடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து, 1932-இல் அதை வகை பிரித்து எழுதினார். தனியாக ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு ஆடுவது, சேர்ந்து ஆடுவது என்று போகும் அந்த வரிசையில், மற்றவர் ஆடுவதை நின்று வேடிக்கை பார்ப்பதற்கும் ஓர் இடம் உண்டு. உங்கள் பையன் அந்த இடத்தில் நிற்கிறான். ஐந்து வயதில் அடுத்த படிக்குப் போயிருப்பான். கதவு பூட்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் உங்கள் தீவில் ஒரு கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் இழுக்க, கயிற்றின் வாலில் பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் வலை ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது, அது வேறு விஷயம். வலையின் மடி கரையேறியதும் அவர்களுக்கென்று இரண்டு கை பொடிமீன், காரலும் சூடையுமாகக் கிடைத்தது. பத்து வயதிருக்கும் ஒரு பெண் மணலில் ஆறு கூறு வைத்தாள். ஒரு கூறில் மட்டும் சின்னக் கணவாய் ஒன்று விழுந்துவிட, சத்தம் கிளம்பியது. நீங்கள் சொன்ன வார்த்தைகளும் வந்தன. அவள் அசரவில்லை. கணவாய் இருந்த கூறிலிருந்து மூன்று சூடையை எடுத்துப் பக்கத்துக் கூறுகளில் போட்டாள். அப்புறம் கூட்டத்திலேயே சின்னவனைக் கடல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றாள். அவன் பார்க்காமலேயே ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும். பயல் முதலிலேயே "எனக்கு!" என்று கத்தினான். அவள் தொட்டிருந்தது இருப்பதிலேயே நோஞ்சான் கூறு. எல்லோரும் சிரித்தார்கள், அவன் அழப் பார்த்து, பிறகு தானும் சிரித்துவிட்டான்.

அந்தச் சின்னவனுக்கு உங்கள் மகன் வயதுதான். பேராசைப்பட்டான், தோற்றான், தோற்றதைத் தாங்கிக்கொண்டான். அத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள். என் மகளை ஒரு கோடை முகாமில் பணம் கட்டிச் சேர்த்தேன். அங்கே 'பகிர்தல்' என்று ஒரு பாடம். ஒரு பொம்மையை வட்டமாக உட்கார்ந்து கைமாற்றினார்கள். யாருக்கும் அந்தப் பொம்மை வேண்டாம் என்பதால் பாடம் அமைதியாக நடந்தது.

பெரியவன் சின்னவன் கலந்து ஆடுவது உங்களை உறுத்துகிறது. ஒரே வயதுப் பிள்ளைகளைப் பிரித்து அடைப்பது பள்ளிக்கூடம் கொண்டுவந்த பழக்கம். 1950-களில் பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் தம்பதி முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா, ஒக்கினாவா, வட இந்தியா என்று ஆறு ஊர்ப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். வீட்டு வேலையில் கை கொடுத்து, தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கும் ஊர்களில்தான் பிள்ளைகள் மற்றவர்களுக்கு ஓடி உதவினார்கள். அமெரிக்க ஊரின் பிள்ளைகள் 'எனக்கு, எனக்கு' பக்கம் சாய்ந்தார்கள். இதை வைத்துப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினாலு வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தத் தொழிலில் உதவுவதற்குக்கூடப் பள்ளி நேரம் போகத்தான் 2016 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. காலையில் பள்ளி மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை கரைவலைக் கயிற்றில் இருந்தால் நானே சண்டைக்கு வருவேன்.

சண்டை என்றதும் நினைவு வருகிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குச் சிற்றில் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணல்வீடு கட்டுவார்கள், பையன் வந்து உதைப்பான், அவர்கள் 'சிதைக்காதே' என்று கெஞ்சுவார்கள். நம் புலவர்கள் அதை ஒழுங்கீனம் என்று ஒதுக்காமல், வளர்ச்சியில் ஒரு பருவமாகவே வைத்தார்கள். அம்புலிப் பருவத்தில் நிலாவையே விளையாடக் கூப்பிடுவார்கள். பிள்ளை தனியாக இருக்கட்டும் என்று ஒரு பருவம்கூடக் கிடையாது!

கெட்ட வார்த்தை வரும். வீட்டில் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எங்கே எதைப் பேசலாம் என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளை பழகிவிடும்.

நீங்கள் எழுதாத பயம் ஒன்று இருக்கிறது: கடல். அந்தப் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும்; கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் நேர்மாறு. இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, தெருவில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குக் கட்ட வைத்த பணத்தில் வாசலுக்கு ஒரு நாற்காலி வாங்குங்கள். சாயங்காலம் கதவைத் திறந்து வைத்து, அவன் கண்ணில் படும்படி அதில் உட்காருங்கள். போடா என்று தள்ள வேண்டாம். முதல் நாள் படியோடு நிற்பான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்பாள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள்.