டேட்டாபேஸ் ஓடுற வீஎம்முக்கு பேக்கப் சாஃப்ட்வேர்: எதுக்கு காசு குடுக்கணும், எதுக்கு வேணாம் – கேள்வி பதில்

கேள்வி: எங்க ஆபீஸ்ல ரெண்டு ஹோஸ்ட் (நெஜ சர்வர்), ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சிபியு, அதுக்குள்ள மொத்தம் 14 வீஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓடுது. அதுல ரெண்டுல எஸ்க்யூஎல் சர்வர், ஒண்ணுல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கொட்டேஷன் கேட்டா 14 வீஎம்முக்கும் வருஷ சந்தா போட்டு, அதுக்கு மேல டேட்டாபேஸ் ஏஜென்ட் (வீஎம்முக்குள்ள போட்டு டேட்டாபேஸ பேக்கப் எடுக்கற சாஃப்ட்வேர்) 3னு தனியா சேர்த்து அனுப்பிருக்காங்க. வீஎம்ம முழுசா எடுத்தாலே உள்ள இருக்கற டேட்டாபேஸும் சேர்ந்து வந்துருமே சார், அப்புறம் ஏஜென்ட் எதுக்கு?

பதில்: வந்துரும், ஆனா எந்த நிலைமைல வருதுன்னு பாக்கணும். வெளிய இருந்து வீஎம்ம ஸ்னாப்ஷாட் (டிஸ்க் அந்த நொடில இருக்கற நிலைய பிடிச்சு வைக்கறது) போட்டு எடுக்கறப்போ டேட்டாபேஸுக்கு அது தெரியாது, அந்த நொடில கரண்ட் போனா டிஸ்க்ல என்ன இருக்குமோ அதுதான் பேக்கப்ல இருக்கும். இதத்தான் கிராஷ் கன்சிஸ்டென்ட்னு சொல்றாங்க. எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லோட இன்னோடிபி எல்லாமே இந்த மாதிரி நிலைமைல இருந்து லாக்க (செஞ்ச மாற்றத்தையெல்லாம் எழுதி வைக்கற ஃபைல) படிச்சு எந்திரிச்சு வர்ற மாதிரி செஞ்சதுதான், அதனால பெரும்பாலும் வந்துரும். ஆனா டேட்டா ஒரு டிஸ்க்ல, லாக் வேற டிஸ்க்லன்னு பிரிச்சு வச்சிருந்தா ரெண்டும் ஒரே நொடில எடுத்ததா இருக்கணும், இல்லன்னா ரீஸ்டோர் பண்றப்போ கை விரிச்சிரும்.

இன்னொண்ணு, வீஎம் ஓட்டற சாஃப்ட்வேரான விஎம்வேர்ல ஒரு டிஸ்க்க இன்டிபென்டென்ட்னு செட் பண்ணிருந்தாலோ, பிசிக்கல் மோட் ஆர்டிஎம்மா (ஸ்டோரேஜ் டிஸ்க்க நேரா வீஎம்முக்கு) குடுத்திருந்தாலோ அது ஸ்னாப்ஷாட்ல சேராது. வேகத்துக்காக டேட்டாபேஸ் டிஸ்க்கத்தான் அப்படி குடுத்து வச்சிருப்பாங்க, அப்போ வார்னிங் ஒண்ண மட்டும் ஒரு ஓரத்துல போட்டுட்டு அந்த டிஸ்க்க விட்டுட்டு மத்தத எடுத்துட்டு போயிரும். முதல் வேலையா இந்த 3 வீஎம்மோட டிஸ்க் செட்டிங்க்ஸ தொறந்து பாத்துருங்க.

விண்டோஸ்ல வால்யூம் ஷேடோ காப்பிங்கற வசதி வழியா டேட்டாபேஸ்கிட்ட சொல்லிட்டு எடுக்கலாம், அதுக்கு உள்ள எஸ்க்யூஎல் ரைட்டர் சர்வீஸ் ஓடிட்டு இருக்கணும். லினக்ஸ்ல அந்த வசதி கிடையாது, ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரிப்ட், பின்னாடி ஒரு ஸ்கிரிப்ட்னு நாமளே எழுதி வைக்கணும். போஸ்ட்கிரெஸ் வீஎம்முக்கு யார் அத எழுதப் போறாங்கன்னு கொட்டேஷன் குடுத்தவங்கள கேளுங்க, பல பேர்கிட்ட பதில் இருக்காது.

ஆனா ஏஜென்ட் விக்கறவங்க நெஜமா விக்கறது வேற, நேரத்த. ராத்திரி 1 மணிக்கு வீஎம் பேக்கப் எடுத்து, சாயங்காலம் 4 மணிக்கு யாரோ வேர் கண்டிஷன் (எந்த வரிய அழிக்கணும்னு சொல்றது) இல்லாம டெலீட் ஓட்டிட்டாங்கன்னா வீஎம் பேக்கப்ல இருந்து உங்களுக்கு கெடைக்கறது ராத்திரி 1 மணி டேட்டாதான், அன்னைக்கு போட்ட பில்லு, என்ட்ரி எல்லாம் போச்சு. 15 நிமிஷத்துக்கு ஒருக்கா லாக் பேக்கப் இருந்தா 3:59க்கு திரும்பலாம். இந்த லாக் பேக்கப்ப எஸ்க்யூஎல் சர்வரே எடுக்கும், நீங்க ஏற்கனவே காசு குடுத்து வாங்கின லைசென்ஸ்லயே அது இருக்கு. இலவச எக்ஸ்பிரஸ் எடிஷன்ல ஜாப்ப நேரத்துக்கு ஓட்டற எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் சர்வீஸ் (கொட்டேஷன்ல இருக்கற ஏஜென்ட் வேற) இல்ல, பரவால்ல, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல எஸ்க்யூஎல்சிஎம்டிங்கற கமாண்ட் டூல் வச்சு ஓட்டிக்கலாம். போஸ்ட்கிரெஸ்ல பிஜி பேஸ்பேக்கப்பும் வால் (டபிள்யூஏஎல், போஸ்ட்கிரெஸோட லாக்) ஆர்க்கைவிங்கும் சேர்த்து வச்சா அதே வேலை நடக்கும், காசே இல்ல. எடுக்கற ஃபைல் அதே வீஎம் டிஸ்க்ல உக்காந்திருக்க கூடாது, அவ்வளவுதான்.

அதனால என் கருத்து இது: டேட்டாபேஸோட சொந்த பேக்கப்ப முதல்ல ஓடவிடுங்க, அது செய்யாத வேலைக்கு மட்டும் காசு குடுங்க. ரீஸ்டோர் கமாண்ட் எழுதத் தெரிஞ்ச ஆள் ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தா ஏஜென்ட் 3ம் வேணாம். அப்படி யாரும் இல்ல, ஒரு டேபிள மட்டும் திரும்ப எடுக்கணும்னாலும் மவுஸ கிளிக் பண்ணித்தான் எடுக்கணும்னா வாங்குங்க, அது நியாயமான செலவு. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி இது வீஎம் லைசென்ஸ்லயே சேர்ந்து வருதா, தனி ஐட்டமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, ஏன்னா சில கம்பெனில அப்ளிகேஷன் பேக்கப் அதே லைசென்ஸுக்குள்ளயே வருது, சிலதுல ஒரே மெஷினுக்கு ரெண்டு தடவை எண்ணறாங்க.

அந்த 14ஐயும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. டெஸ்ட் மெஷின், டெம்ப்ளேட்ல இருந்து பத்து நிமிஷத்துல திரும்ப செய்யக்கூடிய வெப் சர்வர், ஆஃப் பண்ணி வச்சிருக்கற பழைய மெஷின் இதுக்கெல்லாம் எதுக்கு சந்தா? சாக்கெட் (சிபியு) கணக்குல குடுக்கறவங்களா இருந்தா உங்களுக்கு 4 சாக்கெட், அதுல எத்தன வீஎம் வேணாலும் ஓட்டலாம், வீஎம் கூடிட்டே போற இடத்துக்கு அது லாபம். ஒரு ஹோஸ்ட்ல நாலஞ்சு வீஎம்தான்னா வீஎம் கணக்கே நல்லது. டெராபைட் கணக்குல குடுத்தாங்கன்னா மூலத்துல இருக்கற டேட்டா அளவா, இல்ல பேக்கப் சேர்த்து வைக்கற இடத்தோட அளவான்னு கேளுங்க, ரெண்டும் ரொம்ப வித்தியாசம். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, டேட்டாபேஸ் டம்ப்ப (டேட்டாபேஸ எடுத்து வச்ச பேக்கப் ஃபைல) இன்னொரு வீஎம்ல போட்டு அந்த வீஎம்மையும் பேக்கப் எடுத்தா ஒரே டேட்டாவுக்கு ரெண்டு தடவை காசு கட்டுவீங்க, டம்ப் டிஸ்க்க விலக்கி வச்சிட்டு அத தனியா வேற இடத்துக்கு காப்பி பண்ணுங்க.

கேள்வி: தினமும் வீஎம் பேக்கப் சக்ஸஸ்னு மெயில் வருது. ஆனா எஸ்க்யூஎல் லாக் ஃபைல் வளந்து வளந்து டிஸ்க் ஃபுல்லாகி சாஃப்ட்வேர் நின்னுருச்சு. பேக்கப் எடுத்தா லாக் குறையும்னு சொன்னாங்களே?

பதில்: லாக் பேக்கப் எடுத்தாதான் லாக்குக்குள்ள இடம் காலியாகும், வீஎம் பேக்கப் எடுத்தா தானா ஆகாது. உங்க டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மாடல்ல (லாக் பேக்கப் எடுக்கற வரைக்கும் லாக்க அழிக்காத செட்டிங்) இருக்கும், எஸ்க்யூஎல்லோட சிஸ் டேட்டாபேசஸ்ங்கற சிஸ்டம் லிஸ்ட்ல லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்னு வர்ற நெடுவரிசைய பாருங்க, லாக் பேக்கப்னு எழுதிருந்தா அதுதான் காரணம். 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப் போடுங்க, இல்ல ஒரு நாள் டேட்டா போனா பரவால்லன்னு முதலாளியே ஒத்துக்கிட்டா சிம்பிள் மாடலுக்கு மாத்திருங்க. அது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு, ஐடி ஆள் தனியா எடுக்கக் கூடாது.

இத சரி பண்றேன்னு பேக்கப் சாஃப்ட்வேர்லயும் லாக் பேக்கப்ப டிக் பண்ணிட்டு எஸ்க்யூஎல் ஜாபையும் ஓடவிட்டுறாதீங்க. ஆளுக்கு பாதி லாக் போயிரும், ரெண்டு பக்கமும் சங்கிலி அறுந்து கெடக்கும், தேவைப்படற அன்னைக்குத்தான் தெரியும். வீஎம் பேக்கப்ல காப்பி ஒன்லி ஆப்ஷன் இருந்தா அதையும் போடுங்க, இல்லன்னா உங்க டிஃபரன்ஷியல் பேக்கப் (கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறினத மட்டும் எடுக்கறது) எல்லாம் வீஎம் சாஃப்ட்வேர் எடுத்த ஃபுல்லோட போய் ஒட்டிக்கும். யார் எடுத்ததுன்னு எம்எஸ்டிபில (எஸ்க்யூஎல் சர்வர் தன் கணக்க வைக்கற டேட்டாபேஸ்) பேக்கப் ஹிஸ்டரிய பாத்தா தெரியும், ஃபைல் பாத் வர்ற இடத்துல சுருள் அடைப்புக்குள்ள நீளமா ஒரு நம்பர் இருந்தா அது ஷேடோ காப்பி வழியா வெளி சாஃப்ட்வேர் எடுத்தது.

கேள்வி: ஸ்னாப்ஷாட் நெறைய போட்டு வச்சிருக்கோம், பேக்கப் சாஃப்ட்வேரே வேணாம்னு ஒருத்தர் சொல்றார், சரியா?

பதில்: சரியில்ல. ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜ்லதான் இருக்கு, ஸ்டோரேஜ் போனா ரெண்டும் போச்சு. ஒரு ஸ்னாப்ஷாட்ட 72 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு விஎம்வேரே சொல்லுது. எழுதல் அதிகமா இருக்கற டேட்டாபேஸ் வீஎம்ல அத அழிக்கறப்போ மெஷின் கொஞ்ச நேரம் உறைஞ்சு நிக்கலாம், அப்ளிகேஷன் கனெக்ஷன் அறுந்து போகலாம்.

கேள்வி: இலவசமாவே சமாளிக்க முடியுமா? சந்தா முடிஞ்சா பழைய பேக்கப் என்ன ஆகும்?

பதில்: சின்ன இடம்னா முடியும். வீம்ங்கற பேக்கப் சாஃப்ட்வேரோட கம்யூனிட்டி எடிஷன் 10 மெஷின் வரைக்கும் இலவசம். ப்ராக்ஸ்மாக்ஸ்ல (இதுவும் வீஎம் ஓட்டற சாஃப்ட்வேர்) ஓட்றவங்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஓப்பன் சோர்ஸ், சந்தா சப்போர்ட்டுக்குத்தான். ஆனா விஎம்வேரோட இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ வச்சிருக்கீங்கன்னா கவனம், அதுல பேக்கப் சாஃப்ட்வேர் பேசற ஏபிஐ (வெளி சாஃப்ட்வேர் உள்ள வர்ற வழி) பூட்டிதான் இருக்கு, எவ்வளவு காசு குடுத்து பேக்கப் லைசென்ஸ் வாங்கினாலும் வீஎம்ம வெளிய இருந்து எடுக்க முடியாது, உள்ள ஏஜென்ட் போட்டுத்தான் ஆகணும்.

சந்தாவப் பத்தி கண்டிப்பா கேக்க வேண்டியது: முடிஞ்ச மறுநாள் ரீஸ்டோர் ஓடுமா? பேக்கப் நின்னா சமாளிச்சிரலாம், பழசத் தொறக்கவே முடியலன்னா உங்க டேட்டா அவங்க கைல. இத வாய்ல கேட்டு நம்பாதீங்க, கொட்டேஷன்லயே ஒரு வரி எழுத சொல்லுங்க. 2023 நவம்பர்ல விஎம்வேர பிராட்காம் வாங்கி, டிசம்பர்லயே நிரந்தர லைசென்ஸ் விக்கறத நிறுத்திட்டாங்க, நம்பி இருந்தவங்க ரொம்ப தவிச்சுட்டாங்க. அதனால மூணு வருஷ சந்தா தள்ளுபடில தர்றோம்னு சொன்னா, நடுவுல ஹைப்பர்வைசர (வீஎம் ஓட்டற சாஃப்ட்வேர) மாத்தினா இதே லைசென்ஸ் அங்க செல்லுமான்னும் கேளுங்க.

கேள்வி: ட்ரையல் போட்டு குடுத்திருக்காங்க. அதுல என்ன பாக்கறது?

பதில்: பேக்கப் ஓடுதான்னு பாக்கறத விட ரீஸ்டோர் ஆகுதான்னு பாருங்க. 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல (புரோகிராம் கோட் வைக்கற தளம்) தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சிட்டாங்க, அப்புறம் தேடினா தினசரி பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸோட டம்ப் டூல்) பேக்கப் ஒண்ணுமே இல்ல. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த டூல் 9.2, அதனால ஓடாம ஃபெயில் ஆயிட்டு இருந்திருக்கு, ஃபெயில்னு அனுப்பின மெயிலும் ரிஜெக்ட் ஆகி யாருக்கும் போய் சேரல. 6 மணி நேரத்துக்கு முன்னாடி கையால எடுத்த ஒரு எல்விஎம் (லினக்ஸ் டிஸ்க்) ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சாங்க, அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்தத அவங்களே முழுசா வெளிய சொன்னாங்க, அது பெரிய விஷயம்.

அதனால ட்ரையல்ல பெரிய டேட்டாபேஸ் வீஎம்ம நெட்வொர்க் இல்லாம தனியா எழுப்புங்க, எஸ்க்யூஎல்ல செக்டிபி (டேட்டா கெட்டிருக்கான்னு பாக்கற கமாண்ட்) ஓட்டுங்க, எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க. நேத்து மதியம் 2:10ன்னு ஒரு நேரத்த சொல்லி அந்த நிலைமைக்கு கொண்டு வரச் சொல்லுங்க, விக்க வந்தவர பக்கத்துல உக்கார வச்சே செய்யுங்க. ரீஸ்டோர் பண்ற சர்வர் வெர்ஷன் மூலத்த விட பழசா இருந்தா எஸ்க்யூஎல் சர்வர் ஏத்துக்காது, 2022ல எடுத்தது 2019ல ஏறாது, அதனால ஸ்டாண்ட்பை மெஷின்ல என்ன வெர்ஷன்னு இப்பவே பாருங்க. போஸ்ட்கிரெஸ்ல பிஜி டம்ப் மட்டும் வச்சிருந்தா யூசர், ரோல் எல்லாம் அதுல வராது, பிஜி டம்ப்ஆல்ல குளோபல்ஸ் ஒன்லி போட்டு தனியா எடுத்து வைக்கணும். இவ்வளவும் ட்ரையல் முடியறதுக்குள்ள நடக்கலன்னா ட்ரையல நீட்டித் தரச் சொல்லுங்க, அது வரைக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்ல கையெழுத்து போட வேணாம்.