மடிநோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் கலப்பின ஜெர்சிப் பசுவுக்குப் பின் இடது காம்பில் மடிநோய். ஊசி போட்டு, காம்பில் ட்யூப் மருந்து ஏற்றினால் பால் தெளிகிறது. மருந்தை நிறுத்திச் சில வாரங்களில் மறுபடி திரிதிரியாக வருகிறது. பால் வாங்கும் ஆச்சி குறைப்படுகிறார். மாமியார் கண்ணேறு என்கிறார். மருந்து போலியா?
– வாசகி, புதுவயல்

பதில்: கண்ணேறு கழியுங்கள் அம்மா, ஒரு பூசணிக்காயோடு செலவு முடிந்துவிடும். மருந்தையும் சந்தேகிக்க வேண்டாம். ஒரே காம்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டு வரும் மடிநோய் என்றாலே எனக்கு முதலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மேல்தான் சந்தேகம் வரும். மருந்துக்குப் பிறகும் அது மடிக்குள்ளேயே இருந்திருக்கும்.

பொல்லாத கிருமி அது. பால் சுரக்கும் செல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பல ஆன்டிபயாடிக்குகள் அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளும் சாகாமல் கிடக்கும். ஒட்டிய இடத்தில் பிசினாக ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழும். அதன் மேலுறையில் உள்ள ‘புரதம் ஏ’, பசுவின் எதிர்ப்புப் புரதத்தைத் தலைகீழாகப் பிடித்து வேலை செய்யவிடாது. சில வகைகள் பெனிசிலினையே உடைக்கும். நாளடைவில் கிருமியைச் சுற்றித் தழும்புச் சதை வளரும். கறந்து முடித்ததும் அந்த மடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். உள்ளே கொட்டைப்பாக்கு மாதிரி கட்டி தட்டுப்பட்டால் நோய் பழையது.

எல்லா மடிநோயும் இப்படி இல்லை. சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை திடீரென்று காய்ச்சலோடு தாக்கும், பால் தண்ணீராகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே பெரும்பாலும் பெனிசிலினுக்கே அடங்கும். எனவே அடுத்த ட்யூபை வாங்குமுன் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுங்கள். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் சில பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து ஐஸில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் சேருங்கள். ஆரியஸ் கிருமி எல்லா நாளும் பாலில் இறங்காது. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் இன்னொரு முறை அனுப்புங்கள்.

சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதை நான் தடுக்கமாட்டேன். தோல்மேல் பூசியது செல்லுக்குள் இருப்பதைக் கொல்லும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

வேறு மாடுகள் இருந்தால் இவளைக் கடைசியாகக் கறங்கள். கறப்பவர் கையும், எல்லா மடியையும் துடைக்கும் ஒரே துணியும்தான் இதைப் பரப்புகின்றன. கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள். சிகிச்சை நாட்களிலும், அதன்பின் மருந்து அட்டையில் போட்டிருக்கும் நாட்கள் வரையிலும் பாலை விற்கக் கூடாது.

கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன் பாலை வற்றவிடும்போது, நான்கு காம்பிலும் நீண்டநாள் நிற்கும் மருந்தை ஏற்றச் சொல்லுங்கள். கறவையில் இருக்கும்போது செய்யும் சிகிச்சையைவிட அப்போது குணமாகும் வாய்ப்பு அதிகம். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் காம்பை மட்டும் நிரந்தரமாக வற்றவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நோயை மறைத்து அடுத்தவர் தொழுவத்துக்கு மட்டும் விற்றுவிடாதீர்கள்.