வடக்கன்குளம் கோயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்குப் பிள்ளைகளோடு போய்வந்தேன். புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற கோயில் என்பதால் மெய்சிலிர்த்தது. அதன் கட்டடப் பாணி எது என்று விளக்க முடியுமா? சிலர் அதைக் 'கால்சட்டைக் கோயில்' என்று கேலி செய்கிறார்கள். சுவரை இடித்து நூறாண்டுக்கு மேலாகியும் அந்தச் சாதிக் கதையை எழுத்தாளர்கள் கிளறிக்கொண்டிருப்பது தேவைதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முகப்பைப் பார்த்துப் பாணிக்குப் பெயர் சூட்டுவது சுற்றுலாக் கையேட்டின் வேலை; அதை விட்டுவிடுவோம். தேவசகாயம் 1745 மே 14இல் வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார், ஆனால் நீங்கள் மெய்சிலிர்த்து நின்ற கட்டடத்தில் அல்ல. அது 1872இல் எழுந்தது.

கிளறுவதாகக் கோபப்படுகிறீர்கள். பிள்ளைகளோடு அந்தக் கோயிலுக்குள் போயும், இரண்டு கூடங்களில் எதன் வழியாக நுழைந்தோம் என்று ஒரு வரிகூட எழுதத் தோன்றாதது எப்படி என்பதுதான் என் வருத்தம். தனித்தனியாகத் தொடங்கும் அவ்விரு நீண்ட கூடங்களும் சாய்ந்து வந்து ஒரே பீடத்தில் கூடுகின்றன. ஒன்று வேளாளருக்கும் அவர்களோடு சேர்ந்த சாதியினருக்கும், மற்றது நாடார்களுக்கும் என்று கட்டப்பட்டவை, இடையே சுவர். எல்லோருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. 'கால்சட்டை' என்பதைக் கேலி என்கிறீர்கள். ஒரே சொல்லில் இவ்வளவு துல்லியமான தரைப்படத்தை எந்தப் பொறியாளரும் வரைந்துவிட முடியாது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி வந்து நிற்கும். அக்காலத்து இலத்தீன் பூசையில் குருவானவர் மக்களுக்கு முதுகுகாட்டிப் பீடத்தை நோக்கி நிற்பார். இடையிடையே திரும்பிக் கைகளை விரித்து, 'தோமினுஸ் வோபிஸ்கும்', ஆண்டவர் உங்களோடு இருப்பாராக, என்பார். அந்தப் பீடத்தில் நின்றவர் எந்தப் பக்கம் திரும்பினார்? வலப்பக்கம் திரும்பினால் ஒரு சாரார் முகம் சுளித்திருப்பார்கள், இடப்பக்கம் திரும்பினால் மறு சாரார். நேராகத் திரும்பியிருந்தால் அந்த வாழ்த்து சுவருக்குத்தான் போயிருக்கும். ஒவ்வொரு பூசையிலும் பலமுறை அவர் திரும்பியாக வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் சுவர் கிடையாது. சாதிகளைப் பிரித்து நின்ற கிராதியையும் எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். அதன் கால்கள் நின்ற குழிகளைச் சிமெண்டு பூசி அடைத்திருந்ததால், தரையில் சதுரம் சதுரமாக ஒரு வெளிறிய வரிசை தெரியும். என் பாட்டி அந்த வரிசைக்குப் பின்னால்தான் முழந்தாளிடுவார். முன்னால் இடமிருக்கிறதே என்று கையைப் பிடித்து இழுத்தால், "சும்மா இருடா" என்று அதட்டுவார். அவரை அங்கே தடுப்பதற்கு அப்போது ஒருவரும் இல்லை.

வடக்கன்குளத்துச் சுவர் 1910இல், கௌசானல் அடிகளார் காலத்தில், இடிக்கப்பட்டது. வேளாளக் கிறிஸ்தவர்கள் அதோடு விடவில்லை. சுவரைத் திரும்பக் கட்டித்தரக் கோரி வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்ற அந்த வழக்கின் தீர்ப்பு சட்டத் தொகுப்புகளில் இன்றும் இருக்கிறது.

இடித்தாயிற்றே என்று நிம்மதி கொள்ளும் உங்களைப் போன்ற நல்ல மனிதர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுண்டு. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே 1745இன் அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே இடித்து 127 ஆண்டுகளுக்குப் பின்னர்தான் இங்கே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து கட்டினார்கள். இடித்த கதை மறந்துபோன இடத்தில் மறுபடியும் கொத்தனார் வந்துவிடுகிறார், தம்பி.

நூறாண்டுக் கணக்குச் சொல்கிறீர்கள். தேவசகாயத்தை 2012இல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோதுகூட அவர் பெயரோடு 'பிள்ளை' ஒட்டியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, அதை நீக்கிய பிறகே 2022 மே 15இல் உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது. உங்கள் பிள்ளைகள் பிறந்த பிறகு நடந்த காரியமாகவே இருக்கும். அடுத்த முறை போகும்போது அவர்களைப் பீடத்தருகே நிறுத்தி இரண்டு கூடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று அவர்களே கேட்பார்கள்.

அன்புடன்.