ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஞாயிறு பூசை கடனா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கத்தோலிக்கர், நான் இந்துக் குடும்பம். வருகிற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்க உபதேசியாரிடம் படிக்கிறேன். இலை அதிகம் வரும் மாதங்களில் ஞாயிறும் வேலை இருப்பதால் பூசைக்குப் போக முடிவதில்லை. "பூசையை விட்டால் சாவான பாவம், போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்கிறார் மாமியார். பயமாக இருக்கிறது. ஒருசந்தியும் இருக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள், அம்மா. மாமியார் சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்ததைச் சொல்கிறார், அது அவருக்குச் சரி, உங்களுக்கு இன்னும் இல்லை. ஞாயிறு பூசை, கடன் திருநாள் (பூசைக்குப் போயே ஆக வேண்டிய திருநாள்), சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் ஒருசந்தி, இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் எல்லாம் திருச்சபை தன் பிள்ளைகளுக்கு வைத்த சட்டம். அது யாரைக் கட்டும் என்று 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 11-வது விதி சொல்கிறது: கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லது அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள், அதிலும் ஏழு வயது நிறைந்து புத்தி விவரம் உள்ளவர்கள். நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் இப்போது கிடையாது. மற்ற தேவதிரவிய அனுமானங்களுக்கெல்லாம் (திருவருட்சாதனங்களுக்கெல்லாம்) ஞானஸ்நானம்தான் கதவு, உங்கள் பழைய பாவம் முழுவதையும் அந்தத் தண்ணீரே கழுவிவிடும். ஆனால் செய்த தப்புக்கு மனஸ்தாபம் வேண்டும், அதை அதே தொகுப்பின் 865-வது விதி பெரியவர்களிடம் எதிர்பார்க்கிறது. நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கவும், ஞானஸ்நானம் பெறும் ஈஸ்டர் இரவு வரை பொறுத்திருங்கள்.

அப்படியானால் கட்டுவது எதுவுமே இல்லையா? இருக்கிறது. பத்துக் கட்டளை கடவுளுடையது, ஞானஸ்நானம் ஆனவர் ஆகாதவர் என்று பார்ப்பதில்லை. அப்புறம் உங்கள் கல்யாணம். கோயிலில் நடந்ததா, ரிஜிஸ்டர் ஆபீஸிலா என்று நீங்கள் எழுதவில்லை. கோயிலில் நடக்கவில்லை என்றால் இப்போதே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் போய்ச் சொன்னால் எல்லாருக்கும் கஷ்டம்.

கடன் இல்லை என்பதால் வராமல் இருந்துவிடாதீர்கள். முதல் நூற்றாண்டுகளில் உங்களைப் போல ஆயத்தமாகிறவர்கள் வாசகமும் பிரசங்கமும் கேட்டுவிட்டு வெளியே அனுப்பப்படுவார்கள், மீதிப் பூசை அவர்களுக்கு இல்லை. வழக்கொழிந்து கிடந்த அந்த ஆயத்தத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் திரும்பக் கொண்டுவந்தது, 1972-ல் அதற்கான சடங்குமுறையும் வந்தது. பூசையின் அந்த முதல் பாதி உங்களுக்காகவே நடக்கிறது என்று நினைத்து வாருங்கள். ஷிஃப்ட் விஷயத்தை சூப்பர்வைசரிடம் இப்போதே பேசி வையுங்கள், ஈஸ்டருக்குப் பிறகு அது நிஜமாகவே கடனாகிவிடும். பக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலப் பூசை இருந்தால் அதுவும் ஞாயிறுக் கடனுக்குச் செல்லும்.

தவக்காலத்தில் முதல் ஞாயிறு, அப்புறம் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகள், இந்த நான்கை மட்டும் தவறவிடாதீர்கள், உங்களுக்கான சடங்குகள் அன்றுதான். ஒருசந்தி இப்போது உங்கள் விருப்பம். ஆனால் பெரிய சனிக்கிழமை, முடிந்த மட்டும் வேலையை விட்டுவிட்டு ஜெபத்திலும் உபவாசத்திலும் இருக்கச் சொல்லி அந்தச் சடங்குமுறையே கேட்கிறது, அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன விஷயம், அன்றிரவு ஈஸ்டர் பூசைக்கு ஒரு கெட்டித் துண்டும் ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள். ஏப்ரலானாலும் நம் ஊரில் ராத்திரி குளிர் விடாது. வெளியே தீ மூட்டும்போது காற்றில் மெழுகுவர்த்தி பாதிப் பேருக்கு அணைந்துவிடும், பக்கத்தில் நிற்பவரிடம் சாய்த்துப் பற்ற வைத்துக்கொண்டேதான் உள்ளே போவோம். தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றியபின் ஈரக் கூந்தலோடு நடுங்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகத்தில் குளிர் மட்டும் தெரியவே இல்லை.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். குழந்தையிலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் புராட்டஸ்டண்ட் சபையில் ஞானஸ்நானம் ஆனது. இப்போது கத்தோலிக்கத்தில் சேர வேண்டும். மறுபடியும் ஞானஸ்நானமா?

பதில்: வேண்டாம், அது ஒருமுறைதான். சான்றிதழை வாங்கி பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆனவர் என்பதால் நீங்கள் மட்டும் சேர்வதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். விசுவாச அறிக்கை சொல்லிச் சேர்ந்த நாளிலிருந்து ஞாயிறுக் கடன் உங்களுக்கும் உண்டு.

கேள்வி: ஊட்டி காந்தலில் இருக்கிறோம். ஞானஸ்நான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் தம்பி போன மாதம் திடீரென்று தவறிவிட்டான். ஞானஸ்நானம் ஆகவில்லையே, அவனுக்குப் பூசை வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம், ஐயா. அடக்கச் சடங்கு விஷயத்தில் ஆயத்தத்தில் இருப்பவரை விசுவாசியாகவே எண்ண வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1183-வது விதி சொல்கிறது. 392-ல் ரோமைப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் இப்படித்தான் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தான். ஞானஸ்நானம் கொடுக்க வரச்சொல்லி மிலான் ஆயர் அம்புரோசுக்கு ஆள் அனுப்பியிருந்தான், அவர் போய்ச் சேரும் முன் உயிர் போய்விட்டது. அழுத அவன் சகோதரிகளிடம் அம்புரோஸ், அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று ஆறுதல் சொன்னார். உங்கள் தம்பியும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். ஆயத்தக்காரர் பெயர் எழுதும் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பங்கில் பார்க்கச் சொல்லுங்கள், முப்பதாம் நாள் பூசையில் அந்தப் பெயரையே வாசிக்கச் சொல்லுங்கள்.