கார்டு யாருடையது?

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறோம். 2020 ஊரடங்கில் மளிகை, காய்கறி, துணி எல்லாம் ஆன்லைனில் வாங்கிப் பழகிவிட்டோம். 71 வயதாகும் என் மாமியார் மட்டும் கடைத்தெருவுக்குப் போய்த்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிறார். மறுபடி கொரோனா மாதிரி வந்தால்? கணவர் வாயே திறப்பதில்லை. பணப் பிரச்னையும் இல்லை. அத்தையின் பென்ஷன் கணக்குக் கார்டுதான், ஓடிபி வந்தால் அவரே வாசித்துச் சொல்லிவிடுவார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: போகிற போக்கில் எழுதினீர்களே, பென்ஷன் கணக்குக் கார்டு என்று, அதை இன்னொரு தடவை படியுங்கள். ஆறு எண்ணைப் பிசகாமல் வாசிக்கிறவருக்குக் கால் கிலோ புளி பார்த்து வாங்கத் தெரியாதா? ஊரடங்கில் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அது. அவசரம் போய் வருஷங்களாகியும் கார்டு உங்கள் போனை விட்டு இறங்கவில்லை. மாமியார் காசில் சாமான் வாங்கிக்கொண்டு, அவரையே வாசல் தாண்டாதே என்பதற்குப் பெயர் அக்கறை இல்லை, அம்மா.

ஓடிபியைக் கேட்டதும் வாசிக்க வேறு பழக்கிவிட்டீர்கள். நாளைக்கு "பேங்கிலிருந்து பேசுறோம்" என்று எவனாவது கூப்பிட்டாலும் வாசிப்பார். அப்படிப் பணம் போனால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்றைக்கே செயலியிலிருந்து கார்டை நீக்குங்கள். வங்கியில் சொல்லி அந்தக் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்துங்கள்; ஏடிஎம்மில் எடுக்க அது தடையில்லை. பூச்சி விழுந்த பருப்பு என்று எதையாவது திருப்பியிருந்தால், ரீஃபண்ட் எங்கே வந்தது என்றும் பாருங்கள். செயலியின் வாலட்டில் விழுந்திருந்தால், அத்தையின் பணம் உங்கள் போனில் இருக்கிறது. ஆர்டர் பட்டியலையும் பாஸ்புக்கையும் அருகருகே வைத்து, அந்த ரீஃபண்டையும் உங்களுக்கு எடுத்த துணியின் விலையையும் கூட்டி அவர் கணக்கில் கட்டுங்கள். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு தருவது என்பதை அவர் சொல்லட்டும்.

நோய் பயமா? 2021 மே 24-ல் தமிழ்நாட்டில் மளிகைக் கடைகளும் மூடின. 31 முதல், போனில் சொன்னால் கடைக்காரரே வீட்டில் கொண்டுவந்து தரலாம் என்று அனுமதித்தார்கள். இனி ஒன்று பரவினாலும் அண்ணாச்சி கடைக்குச் சீட்டைச் சொல்லிவிடலாம். மற்ற நாளில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அத்தை போய்வரட்டும்.

சோப்பு, எண்ணெய் போன்ற பாக்கெட் சாமானை ஆன்லைனில் வாங்குங்கள், தப்பில்லை. தள்ளுபடியைப் பார்க்காமல் கிராமுக்கு என்ன விலை என்று ஒப்பிடுங்கள். இலவச டெலிவரிக்கு 80 ரூபாய் குறைகிறது என்றதும் சேர்க்கிற பிஸ்கட்டில்தான் மிச்சமெல்லாம் கரைகிறது. புளியில் எவ்வளவு கொட்டை, நேந்திரங்காய் முற்றலா இளசா என்பதைப் படம் சொல்லாது. புளியரை தாண்டினால் கேரளா என்கிற ஊரில் இருந்துகொண்டு, நேந்திரங்காயைப் படம் பார்த்தா வாங்குவது!

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெற்ற தாயின் பென்ஷனில் வீடு நடக்கும்போது பிள்ளைக்கு மௌனம் அழகில்லை. பென்ஷன் ஏறியதும் கார்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பையை அவர் தூக்கிக்கொண்டு பின்னால் போகட்டும்.